திருச்சி விமான நிலையம்: டிக்கெட் போட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

புதுக்கோட்டைப் பக்கம் வெளிநாட்டுப் பயண டிக்கெட் போட்டுக் கொடுப்பவனிடம் பணத்தைவிடக் கேள்விகள்தான் அதிகம் வந்து சேரும். முதல்முறை சிங்கப்பூர் போகும் பையன் முதல் பேத்தியைப் பார்க்க லண்டன் கிளம்பும் பாட்டி வரை ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். விமானத் தடங்களைப் பற்றிய தகவல்கள் 2025ஆம் ஆண்டு நிலவரம். கோடைக் கால அட்டவணை, குளிர்காலக் கால அட்டவணை என்று ஆண்டுக்கு இருமுறை அவை மாறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையம் ஊருக்குள்தான் இருக்கிறதா, வெகுதூரம் போக வேண்டுமா?

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். புதுக்கோட்டை சாலையில், டி.வி.எஸ். டோல்கேட் தாண்டி, செம்பட்டுப் பக்கம் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர், புதுக்கோட்டையிலிருந்து 50, காரைக்குடியிலிருந்து 90.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025 ஜூலை முதல் பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் செயல்பாட்டுக்கு வந்துவிட்டது. அது மதுரை சாலையில் இருக்கிறது. வெளியூர் பஸ்ஸில் வந்து அங்கே இறங்கினால் விமான நிலையத்துக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். பெட்டியும் படுக்கையுமாக இருந்தால் ஆட்டோவோ டாக்ஸியோதான் சரிப்படும்.

பழைய கட்டடமா, புதிய கட்டடமா? எந்த வாசலில் இறங்குவது?

புதிய கட்டடம்தான், உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் சேர்த்து. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார். ஆனால் பயணிகள் விமானங்கள் அங்கே மாறியது 2024 ஜூன் 11 அன்றுதான். இந்த இடைவெளியில் வந்து போனவர்கள் சிலர் இன்னமும் பழைய முனையத்தையே தேடுகிறார்கள். அது 2009இல் வந்தது. பத்து ஆண்டுகளுக்குள்ளேயே இடம் போதாமல் போய்விட்டது.

புதிய முனையம் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் எழுந்தது. ஆண்டுக்கு 44 லட்சம் பேர் வந்து போகலாம், நெரிசல் நேரத்தில் ஒரே சமயத்தில் 3,500 பேரைக் கையாளலாம் என்பது கணக்கு. முகப்பில் கோபுர வண்ணங்கள், உள்ளே கோலங்களும் சுவரோவியங்களும். கொஞ்சம் அதிகமாகவே வண்ணம் பூசிவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் ஆறு மாதம் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு வந்து இறங்குகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை.

இங்கிருந்து எந்தெந்த ஊர்களுக்கு நேரடி விமானம் உண்டு?

உள்நாட்டில் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை. வெளிநாட்டில் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, யாழ்ப்பாணம், வியட்நாமின் ஹோசிமின் நகரம், வளைகுடாவில் துபாய், ஷார்ஜா, அபுதாபி, தோஹா, மஸ்கட், குவைத் போன்றவை. வளைகுடாத் தடங்களில் பெரும்பங்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கையில் இருக்கிறது. சிங்கப்பூருக்கு ஸ்கூட், மலேசியாவுக்கு ஏர் ஏசியாவும் பாத்திக் ஏரும், கொழும்புக்கு ஸ்ரீலங்கன், வியட்நாமுக்கு வியட்ஜெட். இண்டிகோ உள்நாட்டிலும் பறக்கிறது, வெளிநாட்டுக்கும் போகிறது.

வாரத்தில் எந்த நாள் என்பதை டிக்கெட் போடும் அன்றுதான் பார்க்க வேண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற தடங்களில் அந்தக் கவலை இல்லை. வளைகுடா ஊர்களுக்கு நாள் பார்த்தே ஆக வேண்டும்.

சென்னைக்குப் போக விமானம் லாபமா?

சென்னையில் வேலை இருந்தால் லாபமில்லை. பறக்கும் நேரம் ஒரு மணி அளவுதான். ஆனால் முன்கூட்டியே வந்து காத்திருப்பது, மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போவது எல்லாம் சேர்த்தால் நான்கு மணி நேரம் ஓடிவிடும். வந்தே பாரத் ரயிலும் எழும்பூருக்குச் சுமார் நான்கு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சென்னையில் வேறு விமானம் பிடிக்க வேண்டும் என்றால் கணக்கு மாறும். அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன், அதில் ஒரு கண்ணி இருக்கிறது.

இந்த விமான நிலையம் வெள்ளைக்காரர் காலத்திலேயே இருந்ததா?

இருந்தது. 1938இல் டாடா நிறுவனம் கராச்சியிலிருந்து மும்பை வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்த தபால் விமானத்தைக் கொழும்பு வரை நீட்டியபோது இடையில் இறங்கிய இடம் திருச்சி. அப்போது முதன்மைச் சரக்கு கடிதம்தான், மனிதர்கள் அதற்கு அடுத்தபடி. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை இந்த ஓடுபாதையைப் பயன்படுத்தியது.

சுதந்திரத்துக்குப் பிறகு எயர் சிலோனின் டகோட்டா விமானங்கள் இலங்கையிலிருந்து இங்கே வந்து போயின. 1949 டிசம்பரில் அவற்றில் ஒன்று திருச்சியில் தரையிறங்கும்போது மீண்டும் பறக்க முடியாத அளவுக்குச் சேதமடைந்தது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். ஆகவே இந்த நிலையத்தின் கதை தொடக்கத்திலிருந்தே கொழும்பைப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறது.

2012இல்தான் சர்வதேச விமான நிலையம் ஆனது என்கிறார்களே, அப்படியானால் அதற்கு முன் வெளிநாட்டு விமானம் எப்படி வந்தது?

2012 அக்டோபர் 4 அன்று மத்திய அமைச்சரவை ஐந்து நிலையங்களுக்குச் சர்வதேசத் தகுதி கொடுத்தது: திருச்சி, கோவை, மங்களூரு, லக்னோ, வாரணாசி. அந்தத் தகுதி இல்லாமலே வெளிநாட்டு விமானம் வந்து போக முடியும். சுங்கச் சோதனையும் குடியேற்றச் சோதனையும் அங்கே நடந்தால் போதும், அப்படிப்பட்டதைச் சுங்க விமான நிலையம் என்பார்கள். திருச்சி பல ஆண்டுகள் அந்த நிலையில்தான் இருந்தது.

மலேசியாவின் ஏர் ஏசியா இந்தியாவுக்குள் முதன்முதலாகக் கால் வைத்த ஊர் திருச்சி என்பது பலருக்கும் தெரியாது. 2008 டிசம்பர் 1. டெல்லியும் மும்பையும் அல்ல, சென்னைகூட அல்ல. பெயர்ப்பலகை வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது.

உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் என்பது உண்மையா?

உண்மைதான். இந்தியாவில் இப்படிப்பட்ட நிலையங்கள் மிகச் சில. சர்வதேசப் பயணிகள் எண்ணிக்கையில் தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம் திருச்சிக்குத்தான். கோவை ஊராகப் பெரியது, தொழிலிலும் பெரியது. ஆனால் அந்தப் பட்டியலில் பின்னால் நிற்கிறது.

காரணம் திருச்சி நகரம் அல்ல, சுற்றியுள்ள மாவட்டங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், பெரம்பலூர், அரியலூர். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பர்மாவுக்கும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய காலம் தொட்டு இங்கே வீட்டுக்கு ஒருவர் வெளியே போவது வழக்கம். கப்பல் நின்றது, விமானம் வந்தது, போகிறவர்கள் நிற்கவில்லை. வந்திறங்குவோர் வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு பயணியை வரவேற்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருப்பார்கள். குழந்தையை முதல்முறை பார்க்கும் தகப்பனும் அங்கே நிற்பார்.

இத்தனை பேர் துபாய் போகும்போது எமிரேட்ஸ் விமானம் ஏன் திருச்சிக்கு வருவதில்லை?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "ஆள் இல்லையா?" என்று கோபமாகவே கேட்பார்கள். ஆள் இருக்கிறது, உரிமை இல்லை. ஒரு நாட்டின் விமான நிறுவனம் இன்னொரு நாட்டுக்குள் நினைத்த ஊரில் இறங்க முடியாது. இரு நாட்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, வாரத்துக்கு இத்தனை இருக்கைகள், இன்னின்ன ஊர்கள் என்று எழுதிக்கொள்ளும். துபாயுடனான ஒப்பந்தத்தில் சென்னை, கொச்சி, திருவனந்தபுரம் எல்லாம் இருக்கின்றன. திருச்சி இல்லை. ஷார்ஜாவின் ஏர் அரேபியா கோவைக்கு வருகிறதே என்றால், அந்த ஒப்பந்தத்தில் கோவை இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியென்றால் சிங்கப்பூர், மலேசிய, வியட்நாம் நிறுவனங்கள் மட்டும் எப்படி வருகின்றன? 2003இல் வாஜ்பாய் அரசு தென்கிழக்காசிய நாடுகளுக்கு ஒரு சலுகையை அறிவித்தது. இந்தியாவின் 18 சுற்றுலா ஊர்களுக்கு அந்நாட்டு விமானங்கள் எண்ணிக்கை வரம்பில்லாமல் வரலாம் என்பது அது. கயா, வாரணாசி, கஜுராஹோ, போர்ட் பிளேர் ஆகியவற்றோடு அந்தப் பட்டியலில் திருச்சியும் இருந்தது. ஸ்ரீரங்கத்தையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் பார்க்க வெளிநாட்டார் வருவார்கள் என்று நினைத்துத் திறந்த கதவு அது. அதன் வழியாக நடந்தது நம் ஊர்க்காரர்கள். மதுரை அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு ஊர்களின் விமானப் பலகையும் வேறுபடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன்.

ஆகவே வளைகுடாவுக்கு நேரடியாகப் போக இந்திய நிறுவனங்கள்தான் வழி. போட்டி குறைவு என்பதால் பண்டிகைக் காலத்தில் கட்டணம் ஏறுகிறது. இதற்கு விமான நிலைய அதிகாரிகளிடம் மனு கொடுத்துப் பயனில்லை, முடிவு டெல்லியில் இருக்கிறது.

பெரிய விமானங்கள் ஏன் வருவதில்லை? ஓடுபாதை சின்னதா?

சின்னது என்று சொல்ல முடியாது, போதாது என்று சொல்லலாம். நீளம் 8,136 அடி, ஏறக்குறைய 2,480 மீட்டர். போயிங் 737, ஏர்பஸ் 320 வகைகளுக்கு இது தாராளம். உள்ளே இருக்கைகளுக்கிடையே இரண்டு நடைபாதை கொண்ட பெரிய விமானம் முழு எரிபொருளோடும் முழுப் பாரத்தோடும் வெயில் காலத்தில் கிளம்ப வேண்டுமென்றால் இன்னும் நீளம் வேண்டும். காற்று சூடாக இருந்தால் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்கு விசை குறையும். திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நீட்டிக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. சுற்றியுள்ள தனியார் நிலங்களையும் பாதுகாப்புத் துறை நிலத்தையும் கையகப்படுத்த வேண்டியிருந்ததால்தான் இத்தனை இழுபறி. ஓடுபாதை நீண்டாலும் எமிரேட்ஸ் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். மேலே சொன்ன உரிமைச் சிக்கல் அப்படியே இருக்கும்.

ஒரு விமானம் சுவரில் மோதியது, இன்னொன்று வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. திருச்சியில் ஏறுவது பயமில்லையா?

இரண்டும் நடந்தவைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு. 2018 அக்டோபர் 12 அதிகாலை துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை முடிவில் இருந்த வழிகாட்டு ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரையும் உரசிக்கொண்டு மேலேறியது. உள்ளே 136 பேர். அடிப்பகுதி கிழிந்திருந்தது விமானிகளுக்குத் தெரியாது. பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. கிளம்பும் ஓட்டத்தின்போது விமானியின் இருக்கைச் சாய்மானம் பின்னால் சரிந்ததும், அப்போது அவர் கை பட்டு எஞ்சின் விசை குறைந்ததும், அதை இருவருமே கவனிக்காமல் போனதும் விசாரணையில் வெளிவந்தன. ஓடுபாதையின் குற்றமல்ல அது.

2024 அக்டோபர் 11 அன்று ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு (சக்கரம் முதலியவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் பகுதி) பழுதானது. எரிபொருள் நிறைந்த பாரத்தோடு இறங்குவது நல்லதல்ல என்பதால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றி அதை எரித்துவிட்டு, 141 பயணிகளோடு திருச்சியிலேயே இறங்கியது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குப் பதற்றம்தான். ஆனால் விமானிகள் செய்தது பாடப்புத்தகத்தில் உள்ளபடியான வேலை.

டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.25 என்று இருக்கிறது. 15ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சரியா?

சரியில்லை, விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். 14ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். திருச்சியில் சிங்கப்பூர், மலேசிய விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டி வந்து போவதால் இந்தத் தவறு இங்கே அடிக்கடி நடக்கிறது. நான் டிக்கெட் அச்சிட்டுக் கொடுக்கும்போது ஓரத்தில் பேனாவால் "வியாழன் ராத்திரி 9 மணிக்கு நிலையத்தில் இருக்கவும்" என்று கிழமையோடு எழுதிவிடுவேன். உங்களுக்கு எழுதித் தர யாரும் இல்லையென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரவும். பதிவு முகப்பு (செக்-இன் கவுன்ட்டர்) ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும்.

பெட்டியில் என்னென்ன கொண்டு போகலாம்? ஊறுகாய், மசாலாப் பொடி எல்லாம் அனுமதிப்பார்களா?

எடை டிக்கெட்டைப் பொறுத்தது. மலிவுக் கட்டண நிறுவனங்களில் கைப்பெட்டி 7 கிலோ மட்டும் இலவசம், பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்பது வழக்கம். அதை டிக்கெட்டோடு சேர்த்துப் போட்டால் விலை குறைவு, முகப்பில் நின்று கட்டினால் அதிகம். ஊறுகாயும் எண்ணெய்ப் பண்டங்களும் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும், கையில் அல்ல. கொப்பரையைத் தவிர்த்துவிடுங்கள், அதில் எண்ணெய் அதிகம் என்பதால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

முக்கியமானது கசகசா. நமக்கு அது குருமாவில் அரைத்துவிடும் சாமான். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது அபினிச் செடியின் விதை, தடை செய்யப்பட்ட பொருள். தெரியாமல் கொண்டுபோனேன் என்பது அங்கே பதிலாகாது. அம்மா கட்டிக் கொடுத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.

தம்பி பத்தாவது தேறவில்லை. மலேசியாவுக்கு வேலைக்கு அனுப்பலாமா? இப்போது விசாவே வேண்டாம் என்கிறார்களே?

இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிப்பது சுற்றிப் பார்க்கத்தான், வேலைக்கு அல்ல. அதற்கும் இணையத்தில் வருகை அட்டை நிரப்பித் திரும்பும் டிக்கெட்டும் வைத்திருக்க வேண்டும். "முதலில் டூரிஸ்டாகப் போ, அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு மலேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியை இ-மைகிரேட் இணையதளம் வழியாகப் பெற வேண்டும். இல்லாவிட்டால் திருச்சியிலேயே குடியேற்ற அதிகாரி நிறுத்திவிடுவார், டிக்கெட் பணம் போகும். சிங்கப்பூர் அந்த 18இல் இல்லை. 50 வயது கடந்தவர்களுக்கும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. அனுமதி பெறுவது வீண் அலைச்சல் என்று நினைக்க வேண்டாம். அதோடு சேர்ந்து 10 லட்சம் ரூபாய் காப்பீடும் வருகிறது.

வரும்போது "இந்தப் பொட்டலத்தை மட்டும் திருச்சியில் கொடுத்துவிடு, டிக்கெட் காசு நான் தருகிறேன்" என்கிறார்கள். வாங்கலாமா?

கூடாது. இப்படி அடுத்தவர் பொருளைக் கொண்டு வருகிறவருக்குத்தான் "குருவி" என்று பெயர். திருச்சியில் தங்கம் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பசையாக்கி, பொடியாக்கி, மின்சாதனத்துக்குள் மறைத்து என்று எல்லா வழிகளையும் சுங்கத் துறையினர் பார்த்துவிட்டார்கள். பிடிபடுவது கொடுத்து அனுப்பியவர் அல்ல, கொண்டு வந்தவர். சொந்த நகைக்கான வரம்பு அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் சுங்கத் துறை இணையதளத்தைப் பாருங்கள். வரம்புக்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிட்டு வரி கட்டுவது அவமானமல்ல.

யாழ்ப்பாணத்துக்குத் திருச்சியிலிருந்தே போகலாமாமே?

போகலாம். 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ பறக்கிறது. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் இறங்கக்கூடிய ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானம். பாக் நீரிணையைத் தாண்ட ஒரு மணி நேரம் அளவுதான் ஆகும். கொழும்பு போய் அங்கிருந்து ஒரு இரவு முழுக்க பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். இலங்கைப் பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சிறு விமானம் என்பதால் பொதி வரம்பையும் டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானத்தை ரத்து செய்துவிட்டால் பணம் திரும்ப வருமா, நஷ்டஈடு கிடைக்குமா?

முழுப் பணம் அல்லது மாற்று விமானம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. கிளம்ப 24 மணி நேரத்துக்குள் சொல்லி ரத்து செய்தால் நஷ்டஈடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. புயல், மூடுபனி போன்ற காரணங்களுக்கு நஷ்டஈடு கிடையாது. உங்கள் சரியான கைப்பேசி எண் டிக்கெட்டில் இல்லாவிட்டாலும் கிடையாது. பலரும் ஏஜென்ட் எண்ணையே கொடுத்துவிட்டு இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிலையத்தைத் தனியாருக்குக் கொடுக்கப் போகிறார்களா?

2021இல் வந்த தனியார்மயப் பட்டியலில் திருச்சியின் பெயர் இருந்தது. இதை எழுதும்வரை நடத்துவது இந்திய விமான நிலையங்கள் ஆணையம்தான்.

திருச்சி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–லண்டன் வேறு டிக்கெட். மலிவாக வருகிறது, போடலாமா?

முன்பு சொன்ன கண்ணி இதுதான். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பல்ல. சென்னை விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகி லண்டன் விமானம் போய்விட்டால் பெரிய டிக்கெட் போனது போனதுதான். பெட்டியும் நேராகப் போகாது. சென்னையில் எடுத்து, அடுத்த முனையத்துக்கு உருட்டிக்கொண்டு போய், மறுபடி கொடுக்க வேண்டும். எழுபது வயதுப் பாட்டியைத் தனியாக அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் இடையில் குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள்.

சென்னைக்கே போகாமல் இருக்கவும் வழி உண்டு. கொழும்பு வழியாக ஸ்ரீலங்கனில் ஒரே டிக்கெட்டில் லண்டன் போகலாம், திருச்சியில் கொடுத்த பெட்டி ஹீத்ரோவில்தான் கைக்கு வரும். ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு இதேபோல் சிங்கப்பூர் வழியாக ஸ்கூட், கோலாலம்பூர் வழியாக ஏர் ஏசியா. கட்டணம் சில ஆயிரம் கூடுதலாக இருக்கலாம். ஒரே பதிவு எண்ணில் (பி.என்.ஆர்.) இரண்டு விமானங்களும் இருக்கின்றனவா என்று மட்டும் பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.